பாயின் சிவப்பு மாறாமல்: விளம்பரப் படத்துக்கு வெளிச்சமும் கான்ட்ராஸ்ட்டும் வைக்கும் முறை

பத்தமடையிலிருந்து சென்னைக்கு அனுப்பிய ஒரு கல்யாணப் பாய் ஒன்பதாம் நாள் திரும்பி வந்துவிட்டது. மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்த பாய். வேறு யாருக்கும் விற்க முடியாது. "படத்தில் தக்காளிச் சிவப்பு, வந்தது அரக்குச் சிவப்பு" என்று வாங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். அந்தப் படத்தை எடுத்துத் திருத்தியது நான். பாயை நெய்த அக்கா சத்தம் போடவில்லை. பாயை விரித்து, என் போனை அதன்மேல் வைத்து, "இது ரெண்டும் ஒண்ணா தாயி? நீயே சொல்லு" என்று மட்டும் கேட்டார்.

ஒன்றாக இல்லை. பிரைட்னஸை (மொத்த வெளிச்சம்) 40, கான்ட்ராஸ்ட்டை (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம்) 30 ஏற்றியிருந்தேன். போனில் பளிச்சென்று இருந்தது, அவ்வளவுதான் பார்த்தேன்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பொருள் விற்பவருக்கு இந்த வேலை ஏன் சிக்கல் என்றால், இரண்டு பேருக்கு ஒரே படத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வெயிலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு போனைத் தள்ளுகிறவர் கண்ணில் படம் பட வேண்டும். பார்சலைப் பிரிக்கிறவருக்குப் படத்தில் பார்த்த பொருள்தான் கைக்கு வர வேண்டும். முதல் ஆளுக்காக ஏற்றினால் இரண்டாவது ஆள் ஏமாறுகிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் இப்போது செய்துவரும் முறையை எழுதுகிறேன். போனும் இலவச ஆப்பும் போதும். நான் வைத்திருப்பது ஸ்னாப்சீட். லைட்ரூம் மொபைலிலும் இதில் பெரும்பாலான வேலையைச் செய்யலாம்.

முதலில் உங்கள் போனைச் சரி செய்யுங்கள். ஆட்டோ பிரைட்னஸை அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள். நைட் லைட், ஐ கம்ஃபோர்ட் மாதிரி திரையை மஞ்சளாக்கும் எதுவும் ஓடக் கூடாது. ஐபோன் என்றால் ட்ரூ டோனையும் அணைக்க வேண்டும். சாம்சங்கில் திரை 'விவிட்' என்று இருந்தால் 'நேச்சுரல்' என்று மாற்றுங்கள். திரை பொய் சொன்னால் அதை நம்பிச் செய்யும் திருத்தமும் பொய்யாகத்தான் வரும். வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் திருத்த உட்காராதீர்கள். கண் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். வெயில் கண்ணோடு பார்த்தால் எல்லாப் படமும் இருட்டாகத் தெரியும், கை தானாக ஏற்றிவிடும்.

அப்புறம் வெளிச்சம். எங்கள் வீட்டுத் தார்சாவில் ஒரு ஜன்னல் வடக்குப் பார்த்தது. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது, படம் எடுக்க அதுதான் சிறந்தது என்று எங்கும் எழுதியிருப்பார்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது சரி. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 டிகிரிக்கும் குறைவாக. சித்திரை தொடங்கி ஆவணி நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த நான்கரை மாதம் வடக்கு ஜன்னலிலும் வெயில் விழலாம், தெற்கு ஜன்னல்தான் சாந்தமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் திரும்ப வடக்குக்கு வந்துவிடலாம். எந்த ஜன்னலானாலும் வெயில் நேராக அடித்தால், எட்டு முழ வேட்டியை ஒற்றையாகப் பிரித்துக் குறுக்கே கட்டுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் பக்கம் தெளியும். இதைச் செய்துவிட்டால் ஆப்பில் பாதி வேலை மிச்சம். குற்றாலச் சாரல் காலத்தில் மேற்கே மேகம் கட்டியிருக்கும் நாள்களில் வேட்டிகூட வேண்டாம். அந்த நாள்களில் நான் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுப் படம் மட்டும் எடுப்பேன்.

எடுக்கும்போது கேமராவின் ஒரு பழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். உடன்குடிக் கருப்பட்டியைத் திரை முழுக்க நிறையும்படி வைத்து எடுத்தால், 'இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கருப்பட்டி வெளிறித் தெரியும். ஒருமுறை அப்படிப் போட்ட படத்தின் கீழே வந்த முதல் கேள்வியே "சீனி கலந்ததா?" என்பதுதான். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைக் கட்டுக்கட்டாக அடுக்கி எடுத்தால் நேர்மாறு. வெள்ளை அதிகம் என்று கேமரா குறைத்துவிடும், அப்பளம் பழையது மாதிரி மங்கும். ஆகவே கறுத்த பொருளுக்குத் திரையைத் தொட்டு, வருகிற சூரியக் குறியைக் கீழே இழுங்கள். வெளுத்த பொருளுக்கு மேலே தள்ளுங்கள். நினைத்ததற்கு எதிராகத் தோன்றும், ஆனால் சரியாக வரும்.

இனி பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்ற அந்த இரண்டு ஸ்லைடர்கள். அவை என்ன செய்கின்றன என்று நான் ஆப்பில் கற்கவில்லை, அப்பாவின் இருட்டறையில் கற்றேன். அம்பாசமுத்திரத்தில் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். சிவப்பு பல்பு எரியும் அந்த அறையில், கறுப்பு வெள்ளை பிரிண்ட் போட அவர் முடிவு செய்தவை இரண்டுதான்: பேப்பரில் எத்தனை செகண்ட் வெளிச்சம் விழ வேண்டும், எந்த நம்பர் பேப்பர் எடுக்க வேண்டும். செகண்ட் கூடினால் பிரிண்ட் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். இன்றைய பிரைட்னஸ் அதுதான். பேப்பரில் 2 சாதாரணம், நம்பர் ஏற ஏறக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் கூடும். மப்பான நாளில் எடுத்த சப்பென்ற நெகட்டிவுக்கு 3 அல்லது 4. உச்சி வெயிலில் எடுத்த கல்யாண ஊர்வலத்துக்கு 1. இன்றைய கான்ட்ராஸ்ட் அது. "முதல்ல வெள்ளையைச் சரியாக்கு. கறுப்பை அப்புறம் பேப்பர் பாத்துக்கிடும்" என்பார். இந்த வரிசையைத்தான் நான் போனிலும் பின்பற்றுகிறேன்.

கணக்காகச் சொன்னால், சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் உண்டு. 0 முழு இருட்டு, 255 முழு வெளிச்சம். எளிமையான பிரைட்னஸ் எல்லா எண்ணையும் ஒரே பக்கம் தள்ளும். 200 இருந்தது 40 கூட்டினால் 240 ஆகும். 230 இருந்ததும் 250 இருந்ததும் 255-ல் போய் முட்டிக்கொள்ளும். முட்டியபிறகு அவற்றுக்குள் இருந்த வித்தியாசம் போய்விட்டது. சேமித்தபின் பிரைட்னஸைக் குறைத்தாலும் திரும்ப வராது, தட்டையான சாம்பல்தான் வரும். பாயில் கோரையின் மினுமினுப்பு போவது இங்கேதான். கான்ட்ராஸ்ட் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இழுக்கும். 128-ஐ நடுவாக வைத்து 1.3 மடங்கு இழுத்தால் 100 இருந்தது 92-க்கு இறங்கும், 180 இருந்தது 196-க்கு ஏறும். ஆப்புக்கு ஆப்பு சூத்திரம் கொஞ்சம் மாறும், போக்கு ஒன்றுதான்.

என் பாய் ஏன் தக்காளியானது என்பதற்கும் இதில்தான் பதில். சிவப்பு எண் 180, பச்சை 40, நீலம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராஸ்ட் கூட்டியதும் சிவப்பு மேலே போகிறது, மற்ற இரண்டும் கீழே போகின்றன. நாம் நிறத்தைத் தொடவே இல்லை, ஆனால் நிறம் அடர்ந்துவிட்டது. பிரைட்னஸும் சேர்ந்துகொண்டால் அரக்கு எங்கே போய் நிற்கும்? அதனால்தான் கான்ட்ராஸ்ட் கூட்டினால் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கொஞ்சம் குறைப்பது எனக்குக் கட்டாயப் பழக்கமாகிவிட்டது.

இப்போது அதே பாயின் படத்தை எப்படித் திருத்துவேன் என்று சொல்கிறேன். பாய் என் பக்கத்திலேயே விரித்திருக்க வேண்டும். எடுத்த அதே ஜன்னல் வெளிச்சத்தில். பாயை அனுப்பிவிட்டு நினைவில் திருத்துவது கூடாது, நினைவில் நிறம் தங்காது. ஸ்னாப்சீட்டில் டியூன் இமேஜைத் திறந்தால் ஓரத்தில் ஹிஸ்டோகிராம் குறி இருக்கும். படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று மேடு பள்ளமாகக் காட்டும் வரைபடம் அது. அதில் இடது முனை இருட்டு, வலது முனை வெளிச்சம். நடுவில் மேடு எங்கே என்று கவலைப்படாதீர்கள். கருப்பட்டிக்கு இடது பக்கம்தான் மேடு இருக்கும், அப்பளத்துக்கு வலது பக்கம்தான். பார்க்க வேண்டியது முனைகளை மட்டும். வலது முனையில் சுவர் மாதிரி ஒட்டி நின்றால் வெள்ளை முட்டிவிட்டது என்று அர்த்தம்.

திரையில் விரலை மேலும் கீழும் நகர்த்தினால் எந்த ஸ்லைடர் என்று தேர்ந்தெடுக்கலாம், பக்கவாட்டில் நகர்த்தினால் அளவு மாறும். முதலில் ஹைலைட்ஸை (படத்தின் வெளுத்த இடங்கள்) 15, 20 குறைத்து ஜன்னல் பக்கத்து மினுக்கத்தை மீட்பேன். பிறகு பிரைட்னஸ், 10 முதல் 15 வரை. பாயையும் போனையும் மாறி மாறிப் பார்த்து, பாயின் மிக வெளுத்த கோரை திரையிலும் அதே வெளுப்பில் இருக்கும் இடத்தில் நிறுத்துவேன். வெள்ளை சரியாகிவிட்டது. அடுத்து கான்ட்ராஸ்ட், 10-க்குள். கரைப் பக்கத்துக் கறுப்பு கறுப்பாகவும், அதற்குள் கோரை ஓட்டம் தெரியும்படியும் இருந்தால் போதும். கறுப்பு ஒரே மையாக அப்பினால் ஷேடோஸை (இருண்ட இடங்கள்) 10 ஏற்றுவேன். கடைசியாகச் சாச்சுரேஷன், மைனஸ் 5 அளவுக்கு. இதற்கு மேல் தேவைப்பட்டால் படம் எடுத்ததிலேயே கோளாறு. திரும்ப எடுப்பேன். ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடக்கூடியதை அரைமணி நேரம் தேய்ப்பதில் பயனில்லை.

மணமக்கள் பெயர் நெய்த இடம் கண்ணுக்குப் பட வேண்டுமென்றால் முழுப் படத்தையும் ஏற்றாதீர்கள். 'செலக்டிவ்' என்று ஒன்று இருக்கிறது. பெயரின்மேல் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கி, அந்த இடத்துக்கு மட்டும் பிரைட்னஸ் 10 கொடுங்கள். அப்பா இதை உள்ளங்கையால் செய்வார். பேப்பரில் வெளிச்சம் விழும்போது கையைக் குறுக்கே ஆட்டிக்கொண்டே இருப்பார், முகம் கறுக்காமல் தெளியும். கையை நிறுத்தினால் கோடு விழும். வட்டத்தின் ஓரம் தெரிந்தால் இங்கேயும் அதே தப்புதான்.

பாயின் கீழே என்ன விரிக்கிறீர்கள் என்பதும் கான்ட்ராஸ்ட்தான். பிரான்ஸில் கோபலின் நெசவுச் சாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், சில சாயங்கள், அதிலும் கறுப்பு, எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மங்கவைத்தது. 1839-ல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். நமக்கும் அதுதான். கறுப்புக் கிரானைட் தரையில் விரித்த பாய் வெளிறித் தெரியும், வெள்ளை வேட்டிமேல் விரித்தால் கறுத்துத் தெரியும். நான் சிமெண்ட் தரைக்கு மாறிவிட்டேன்.

அல்வாவுக்கு மட்டும் இந்த வரிசை செல்லாது. நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையில் மங்கிய வெளிச்சத்திலேயே வரிசையில் நின்று வாங்குகிறார்கள். அங்கே பெயரே போதும். புதிதாகக் கடை போட்ட அண்ணாச்சிக்கு அந்த வசதி கிடையாது, அவர் படத்தை நம்பித்தான் ஆக வேண்டும். அல்வாவில் விற்பது நெய்யின் பளபளப்பு. அது சின்னச் சின்ன வெள்ளைத் துளியாகத்தான் படத்தில் இருக்கும். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் துளி எடுப்பாகத் தெரியும், ஆனால் பழுப்பு இறங்கிக் கறுத்து, அடிப்பிடித்த அல்வா ஆகிவிடும். அதனால் எடுக்கும்போதே ஜன்னல் அல்வாவுக்குப் பின்னால் இருக்கும்படி வையுங்கள், பளபளப்பு தானே எழும். ஆப்பில் கான்ட்ராஸ்ட்டைத் தொடாமல் ஷேடோஸை 20, 25 ஏற்றுங்கள். பழுப்புக்குள் இருக்கும் சிவப்பு வெளியே வரும். ஹைலைட்ஸைக் குறைக்காதீர்கள், நெய் செத்துவிடும். வாழையிலையில் வைத்து எடுத்தால் பச்சை அளவுக்கு மீறிக் கத்தும். செலக்டிவில் இலையின்மேல் புள்ளி வைத்து சாச்சுரேஷனைக் குறையுங்கள்.

வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு ஒரு பெண்ணை நிறுத்தி எடுத்தால், "பிள்ளையைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்க" என்று கேட்பார்கள். நான் செய்வதில்லை. முகத்துக்கு ஏற்றும் வெளிச்சம் தோளில் கிடக்கும் சேலைக்கும் ஏறும், நிறம் பொய்யாகும். இது தொழில் காரணம். அந்தப் பெண்ணின் நிறத்தில் திருத்த எதுவும் இல்லை என்பது என் காரணம். நிழலில் கண் தெரியவில்லை என்றால் கண்ணுக்கு மட்டும் வெளிச்சம் கொடுப்பேன்.

படத்தில் எழுத்து போடுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஜேபெக்கில் படத்தைச் சுருக்கும்போது பொதுவாக வெளிச்ச வித்தியாசத்தை ஓரளவு காப்பாற்றி, நிற வித்தியாசத்தைப் பாதி நுணுக்கத்துக்குக் குறைத்துவிடுவார்கள். நம் கண் நிறத்தைவிட வெளிச்சத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கிறது என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே பச்சை இலைமேல் சிவப்பு எழுத்து, நிறத்தில் மட்டும் வேறுபட்டு வெளிச்சத்தில் ஒன்றாக இருந்தால், ஓரம் கசங்கிவிடும். தமிழுக்கு இதில் தனி ஆபத்து, புள்ளி. 'பத்தமடை'யில் உள்ள ஒற்றின் புள்ளி கரைந்து 'பததமடை' ஆகிவிட்டதை என் படத்திலேயே பார்த்திருக்கிறேன். சோதனை எளிது: திருத்தி முடித்தபின் சாச்சுரேஷனை மைனஸ் 100-க்குக் கொண்டுபோங்கள். கறுப்பு வெள்ளையிலும் எழுத்தும் புள்ளியும் தெளிவாக இருந்தால் சரி. பார்த்துவிட்டு பழையபடி வைத்துவிடுங்கள்.

இதற்கு எண்ணும் இருக்கிறது. இணையத்தில் எழுத்து எல்லாரும் படிக்கும்படி இருக்க, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பு தந்த நெறிமுறை, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச விகிதம் கேட்கிறது. பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளைமேல் கறுப்பு 21. கறுப்புமேல் சுத்த மஞ்சள் 19-க்கு மேல். வெள்ளைமேல் சுத்தச் சிவப்பு வெறும் 4. வெள்ளைமேல் மஞ்சள் 1-ஐ ஒட்டி நிற்கும், இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். விலையைச் சிவப்பில் போட ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் கறுப்பு கலந்த சிவப்பை எடுங்கள், விகிதம் ஏறிவிடும்.

ஏற்றும் அளவைப் பொறுத்தவரை, இன்ஸ்டாகிராமில் நெட்டுவாக்கில் போடும் படத்துக்கு 1080-க்கு 1350 புள்ளி, ஸ்டோரிக்கும் ரீலுக்கும் 1080-க்கு 1920 என்று நாமே வெட்டிவிடுவது நல்லது. கணினியில் திருத்துகிறவர்கள் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுமுறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் சில போன்களில் நிறம் மங்கும். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது.

காசு கட்டி விளம்பரம் போடுகிறவர்கள் ஒன்றைத் தவறாமல் பாருங்கள். மெட்டாவின் விளம்பரப் பக்கத்தில் அட்வான்டேஜ் பிளஸ் கிரியேட்டிவ் என்ற பகுதி இருக்கிறது. படத்தின் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் தானாக மாற்றிக் காட்டும் வசதிகள் அதற்குள் வரும். வசதிகளின் பெயர் அவ்வப்போது மாறும், ஆகவே ஒவ்வொன்றாகத் திறந்து படித்துப் படத்தைத் தொடும் எல்லாவற்றையும் அணையுங்கள். பாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்திய சிவப்பை ஒரு இயந்திரம் தன் கணக்குக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் பார்சல் திரும்பி வரும்போது தபால் செலவு உங்களுடையது.

எந்த வெளிச்சம் எடுபடும் என்று சந்தேகமாக இருந்தால், பிரைட்னஸில் மட்டும் 8, 10 வித்தியாசம் வைத்து இரண்டு படம் செய்து, ஒரே தொகையில், ஒரே நாள்களில் ஓட்டிப் பாருங்கள். கான்ட்ராஸ்ட், வாசகம் எதையும் மாற்றாதீர்கள். அப்பா ஒரு துண்டுப் பேப்பரை அட்டையால் மூடி மூன்று மூன்று செகண்டாக நகர்த்திச் சோதிப்பார், அதே வேலைதான்.

கடைசிச் சோதனை வீட்டுக்குள் முடியாது. நான் படத்தைப் பழைய விலை குறைந்த போன் ஒன்றில் ஏற்றிக்கொண்டு, பதினொரு மணி வாக்கில் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வெயிலில் நிற்பேன். திரை வெளிச்சம் பாதி. படம் கட்டைவிரல் அளவில். பாய் பாயென்று தெரிகிறதா, பெயர் நெய்த இடம் எங்கே என்று கண் தேடாமல் போகிறதா, விலையைப் படிக்க முடிகிறதா, ஒற்றின் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன். தெரியவில்லை என்றால் பிரைட்னஸை இன்னும் 5 மட்டும் ஏற்றிப் பார்ப்பேன். அதற்கும் சரிவராவிட்டால் பாயை இன்னும் கிட்டத்தில் வைத்துப் புதிதாக எடுப்பேன், ஸ்லைடரைத் தொட மாட்டேன். வெயிலில் தேறிய படத்தை அன்று மாலையே பத்தமடைக்கு எடுத்துப்போய் அக்காவின் பாய்மேல் போனை வைத்துக் காட்டுவேன். அவர் தலையசைத்தபிறகுதான் 'பப்ளிஷ்' தட்டுவது.